ஏழு படி ஆவணமும் எழுதப்படாத கைகளும்: அபாயக் கழிவு அகற்றலில் சாதியின் இடம்

வீட்டு இன்வெர்ட்டர், ஆட்டோ, பேருந்து, கைப்பேசிக் கோபுரம், மருத்துவமனையின் அவசர விளக்கு ஆகிய அனைத்தும் நம்பியிருப்பது காரீய அமில மின்கலத்தை. பேட்டரி என்று நாம் அழைக்கும் இக்கலம் சில ஆண்டுகளில் செயலிழக்கிறது. கடைக்காரர் பழையதைப் பெற்றுக்கொண்டு புதியதன் விலையில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுக்கிறார். வாங்கியவருக்குக் கணக்கு அத்துடன் முடிந்துவிடுகிறது.

அந்தப் பழைய கலம் அதன்பின் இரண்டு வழிகளில் ஒன்றில் செல்கிறது. ஒன்று, பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குச் செல்லும் வழி. அங்கே மூடிய இயந்திரம் அதை உடைக்கும், அமிலம் தனியே சேகரிக்கப்படும், உலையின் புகை வடிகட்டப்படும். மற்றொன்று, பழைய இரும்புக் கடை வழியாக ஊருக்கு வெளியே உள்ள கொட்டகைக்குச் செல்லும் வழி. அங்கே ஒருவர் கோடரியால் கலத்தைப் பிளக்கிறார், அமிலத்தை மண்ணில் கவிழ்க்கிறார், உள்ளிருக்கும் தகடுகளைக் கையால் உருவி எடுத்து அடுப்பில் உருக்குகிறார். இரண்டாம் வழியே செலவு குறைந்தது. அந்தச் செலவு குறைவதற்குக் காரணம், அதன் ஒரு பகுதியை அவ்வேலையைச் செய்பவரும் அவருடைய பிள்ளைகளும் தங்கள் உடலால் செலுத்துவதே.

அபாயக் கழிவைப் பாதுகாப்பாகச் சேமிப்பதும் அகற்றுவதும் வேதியியல் வல்லுநர்களும் ஆலை மேலாளர்களும் பேசிக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பச் செய்தி என்ற எண்ணம் நம்மிடையேயும் உண்டு. எந்தக் கழிவை யார் தொட வேண்டும், எந்தக் குடியிருப்பின் அருகே கொட்ட வேண்டும் என்பதைப் பிறப்பே தீர்மானித்து வந்த ஒரு சமூகத்தில், இதை வெறும் தொழில்நுட்பமாகக் கருத இயலாது. நம் நாட்டுச் சட்டம் கழிவை ஒவ்வொரு கிலோவாகப் பின்தொடர்கிறது. அதைத் தொடும் கைகளை அவ்வாறு பின்தொடர்வதில்லை. இந்த இடைவெளியை விளக்குவதும், அதை நிரப்ப என்ன கேட்க வேண்டும் என்று சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

மின்முனைக்குள் இருப்பது என்ன?

ஒவ்வொரு மின்கலத்திலும் நேர்முனை, எதிர்முனை என இரண்டு மின்முனைகள் உண்டு. 12 வோல்ட் காரீய அமிலக் கலத்தில் ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையிலும் நேர்முனைத் தகடுகளும் எதிர்முனைத் தகடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். தகடுகளின் சட்டகம் காரீயக் கலவையால் ஆனது. நேர்முனையில் காரீய டை ஆக்சைடு பசையாகப் பூசப்பட்டிருக்கும். எதிர்முனையில் பஞ்சு போன்ற நுண்துளைக் காரீயம் இருக்கும். இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும்.

கலம் மின்சாரம் வழங்கும்போது இரு முனைகளிலும் காரீய சல்பேட் படிகிறது. மின்னேற்றும்போது அது மீண்டும் மாறுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த சல்பேட் கெட்டிப்படுகிறது. தகட்டின் பசை உதிர்ந்து கலத்தின் அடியில் சேறாகத் தங்குகிறது. கலம் 'செத்துவிட்டது' என்கிறோம். ஆனால் உள்ளே இருந்த காரீயத்தில் ஒரு துளியும் குறையவில்லை. கலத்தின் எடையில் பாதிக்கும் மேல் இன்னமும் காரீயமே. புதிதாக இருந்தபோது கெட்டியாக ஒட்டியிருந்த அது, இப்போது தூளாகவும் சேறாகவும் உதிரும் நிலையில் இருக்கிறது. எனவே, பயன்படுத்திய மின்முனை புதிய மின்முனையைவிடக் கூடுதலாக அபாயமானது.

பேச்சு வழக்கில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்படுவது. மின்கலத்தில் இருப்பது காரீயம். இரண்டாவதே நஞ்சு. காரீயம் 327 டிகிரி செல்சியசில் உருகிவிடுகிறது. விறகடுப்பும் ஓர் இரும்புச் சட்டியும் போதும். இரும்பையோ செம்பையோ இவ்வளவு எளிதில் உருக்க முடியாது. கொல்லைப்புற உலைகள் பெருகுவதற்கு இந்த எளிமையும், பழைய காரீயத்துக்கு எப்போதும் சந்தையில் விலை இருப்பதும் காரணங்கள்.

மின்முனைக் கழிவு காரீயத்துடன் முடிவதில்லை. பழைய நிக்கல் காட்மியம் கலங்களின் எதிர்முனை காட்மியம். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும். கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் நெடுங்காலம் பயன்பட்ட கலோமல் மின்முனையின் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசமும் பாதரசச் சேர்மமும் உண்டு. அது உடைந்து தரையில் சிந்தினால், அறை வெப்பநிலையிலேயே பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும். கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் உள்ள லித்தியம் கலங்கள் நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பற்றும். குப்பை வண்டிகளிலும் குப்பைமேடுகளிலும் மூளும் தீயின் காரணங்களில் இதுவும் ஒன்று.

உடலில் காரீயம் செய்வது

காரீயத்தால் மனித உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் கண்டறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து நிறுத்த வேண்டும் என 2021இல் அவ்வமைப்பு வழிகாட்டியது. யுனிசெஃப் அமைப்பும் ப்யூர் எர்த் அமைப்பும் 2020இல் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவர், அதாவது 80 கோடிப் பேர் வரை, அந்த அளவிலோ அதற்கு மேலோ இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுள் இந்தியக் குழந்தைகள் 27 கோடிக்கும் அதிகம்.

பெரியவர்களுக்கு இது வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை, ஓயாத சோர்வு, உயர் இரத்த அழுத்தம், கை நரம்புத் தளர்ச்சி எனத் தோன்றுகிறது. இவை அனைத்தும் ஏழை உழைப்பாளியிடம் 'வேலைக் களைப்பு' என்று கடந்து செல்லப்படும் அறிகுறிகள். குழந்தைகளின் நிலை மேலும் கொடியது. ஒரே அளவு காரீயத்தை விழுங்கினாலும், குழந்தையின் குடல் பெரியவரின் குடலைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும். வளரும் மூளையில் அது ஏற்படுத்தும் சேதம் மீளாதது. கற்கும் திறனும் கவனமும் குறைகின்றன. உடலில் சேர்ந்த காரீயம் எலும்பில் பல்லாண்டுகள் தங்கி, கருவுற்ற காலத்தில் மீண்டும் இரத்தத்தில் கலந்து கருவை எட்டுகிறது.

இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடல் காரீயத்தைக் கூடுதலாக ஏற்கிறது. அதாவது, சத்துணவு கிடைக்காத வீட்டுக் குழந்தையையே இந்நஞ்சு ஆழமாகத் தாக்குகிறது. பள்ளியில் பின்தங்கும் அக்குழந்தைக்கு 'படிப்பு ஏறவில்லை' என்ற முத்திரையைச் சமூகம் குத்துகிறது. அந்த முத்திரையே அக்குழந்தையைப் பெற்றோரின் வேலைக்குத் திருப்பி அனுப்பும் காரணமாகவும் ஆகிவிடுகிறது.

மேலும், இந்நஞ்சு வேலையிடத்தோடு நின்றுவிடுவதில்லை. உடையிலும் தலைமுடியிலும் செருப்பிலும் ஒட்டிய தூசியாக வீட்டுக்கு வருகிறது. மாலையில் தந்தை குழந்தையைத் தூக்கும் கணத்தில் அது கைமாறுகிறது.

மூன்று ஊர்கள் தரும் பாடம்

செனகல் நாட்டின் தலைநகரான தாக்கரின் புறநகர்ப் பகுதி தியாரோய் சுர் மேர். அங்கே பல ஆண்டுகளாகப் பழைய மின்கலங்கள் திறந்தவெளியில் உடைக்கப்பட்டு வந்தன. காரீய விலை உயர்ந்தபோது, மண்ணிலேயே காரீயம் கலந்திருப்பதை அறிந்த மக்கள் அம்மண்ணைத் தோண்டிச் சலித்து விற்கலாயினர். பெண்கள் மண்ணை மூட்டையாக வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்தனர். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தனர்.

கென்யாவின் மொம்பாசா நகரில் ஓவினோ உகுரு என்னும் ஏழைக் குடியிருப்பை ஒட்டி மின்கல உருக்காலை ஒன்று இயங்கியது. தன் கைக்குழந்தையின் இரத்தத்தில் காரீயம் கண்டறியப்பட்ட பின், அவ்வாலையில் பணிபுரிந்த ஃபிலிஸ் ஓமிடோ போராட்டத்தைத் தொடங்கினார். ஆலை மூடப்பட்டது. 2020இல் நீதிமன்றம் அம்மக்களுக்கு 130 கோடி கென்ய ஷில்லிங் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டில் அகற்றப்பட்ட அத்தீர்ப்பை 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மீட்டு நிலைநிறுத்தியது. ஆலையை நடத்தியவர்கள் மட்டுமல்லாமல், அதற்கு இசைவளித்த அரசு அமைப்புகளும் பொறுப்பாளிகள் என்பது அவ்வழக்கின் சாரம்.

மூன்றாவது ஊர் நம் தலைநகரிலேயே இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல்லாண்டுகள் பயனின்றிக் கிடந்த காமாக் கதிர்வீச்சுக் கருவி ஒன்று 2010இல் ஏலத்தில் பழைய உலோகமாக விற்கப்பட்டது. அதற்குள் கோபால்ட் 60 இருந்தது. மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்த தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளாயினர், ஒருவர் உயிரிழந்தார். கருவிக்குள் இருந்தது என்ன என்பதை அறிந்திருக்க வேண்டிய நிறுவனம் அதைச் சொல்லவில்லை. கருவியைப் பிரித்தவருக்கு அதை அறிய வழியே இல்லை. உயர்கல்வி நிறுவனத்தின் ஓர் அலமாரியைக் காலி செய்த செலவை, அதன் வாயிலுக்குள் ஒருபோதும் நுழையாத தொழிலாளி கட்டினார்.

பாதுகாப்பான சேமிப்பு என்பது எது?

பழைய மின்கலத்தையும் மின்முனைகளையும் சேமிக்கும் முறை கடினமானதன்று. கலத்தை உடைக்கக் கூடாது; அமிலத்தை வடிக்கக் கூடாது; மூடிகளை இறுக்கி நிமிர்த்திய நிலையிலேயே வைக்க வேண்டும். கூரையும் காற்றோட்டமும் உள்ள, அமிலம் அரிக்காத தரை கொண்ட, மழைநீர் புகாத இடம் வேண்டும். வெடித்துக் கசியும் கலத்தை அமிலம் தாங்கும் பிளாஸ்டிக் பெட்டியில் தனியே இட வேண்டும். இரு முனைகளும் ஓர் உலோகத் துண்டால் இணைந்துவிடாதபடி மறைப்பது நல்லது. அடுப்பு, உணவு, குடிநீர், குழந்தைகள் ஆகியவற்றிலிருந்து அவ்விடம் விலகியிருக்க வேண்டும்.

சிந்திய அமிலத்தைச் சோடா உப்பு அல்லது சுண்ணாம்பு தூவி நடுநிலைப்படுத்தலாம். அவ்வாறு செய்த பின்னும் அதில் கலந்த காரீயம் மறைவதில்லை. அந்தக் கலவையும் அபாயக் கழிவே. அதைச் சாக்கடையில் தள்ளக் கூடாது. காரீயத் தூசி படிந்த தரையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. பெருக்கினால் தரையில் இருந்த நஞ்சு மூச்சுக்குள் செல்லும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். அமிலம் கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். வேலையுடை வேலையிடத்திலேயே கழற்றித் துவைக்கப்பட வேண்டும். குளியலறையும் தனி உணவறையும் அங்கே இருக்க வேண்டும்.

உடைந்த கலோமல் மின்முனை, வெப்பமானி ஆகியவற்றின் பாதரசத்தையும் துடைப்பத்தாலோ தூசி உறிஞ்சியாலோ அள்ளக் கூடாது. சன்னல்களைத் திறந்துவிட்டு, ஆட்களை வெளியேற்றி, கையுறையணிந்து துளிகளைக் கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, இறுக மூடும் கலனில் இட்டு, பெயரெழுதி ஒட்ட வேண்டும். எஞ்சிய நுண்துளிகள் மீது கந்தகத் தூள் தூவுவது வழக்கம்.

இவ்வளவும் மலிவான நடைமுறைகள். இவை கடைப்பிடிக்கப்படாததற்குப் பணப் பற்றாக்குறை முழு விளக்கமாகாது. அவ்வேலையைச் செய்பவரின் உடல் எந்த மதிப்பில் வைக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அகற்றலுக்குச் சட்டம் வகுத்த பாதை

1984இல் போபாலில் நிகழ்ந்த பேரழிவுக்குப் பின், 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் அபாயக் கழிவுகளுக்கான விதிகள் 1989இல் வகுக்கப்பட்டன. இன்றைய வடிவம் 2016ஆம் ஆண்டின் அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகள். கழிவை உண்டாக்கும் நிறுவனம் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டும். கழிவைப் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் தன்னிடம் தேக்கி வைக்கக் கூடாது. கலன்களில் உரிய எச்சரிக்கை ஒட்டப்பட வேண்டும். பதிவேடு வைத்து, ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30க்குள் ஆண்டறிக்கை அளிக்க வேண்டும்.

கழிவு வெளியேறும்போது மேனிஃபெஸ்ட் எனப்படும் ஆவணம் அதனுடன் பயணிக்க வேண்டும். விதி இதற்கு ஏழு படிகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் தந்தது. வெள்ளைப் படி வாரியத்துக்கு. மஞ்சள் படி அனுப்பியவரிடம் இருக்கும். ஆரஞ்சுப் படி வண்டிக்காரரிடம். இளஞ்சிவப்புப் படி பெற்றுக்கொண்டவரிடம். கழிவு உரிய இடம் சேர்ந்தது என்பதற்குச் சான்றாக நீலப் படி அனுப்பியவருக்கே திரும்பி வர வேண்டும். நீலப் படி வரவில்லையென்றால், கழிவு வழியில் எங்கோ மறைந்துவிட்டது என்று பொருள். மீட்டெடுக்க எதுவும் எஞ்சாத கழிவு, அடியில் கசிவுத் தடுப்பு அடுக்குகள் கொண்ட பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பு மையத்துக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் அத்தகைய பொது மையம் உள்ளது.

மின்கலங்களுக்கு 2001 முதல் தனி விதிகள் இருந்தன. அவற்றுக்கு மாற்றாக 2022 ஆகஸ்டில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் அறிவிக்கப்பட்டன. தான் விற்ற கலங்கள் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்படுவதற்கு உற்பத்தியாளரே பொறுப்பு என்பது இவற்றின் அடிப்படை. மின்கலக் கழிவை நிலத்தில் புதைப்பதும் எரிப்பதும் தடை செய்யப்பட்டன. நுகர்வோர் பழைய கலத்தைப் பிற குப்பையுடன் கலக்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும். கலத்தின் மேல் காணப்படும் குறுக்குக் கோடிட்ட குப்பைத்தொட்டிச் சின்னத்தின் பொருள் இதுவே.

நீதிமன்றங்களும் பொறுப்பைத் தெளிவாக்கியுள்ளன. தில்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், அபாயத் தொழில் நடத்துபவர் எவ்வித விலக்கும் கோர இயலாத முழுப் பொறுப்புடையவர் என உச்ச நீதிமன்றம் வகுத்தது. 1996இல் பிச்ரி, வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் ஆகிய வழக்குகளில், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு உறுதி பெற்றது. ஆகவே, 'ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட்டோம், அதன்பின் எங்களுக்குத் தெரியாது' என்று ஆலையோ கல்லூரியோ மருத்துவமனையோ சொல்வது சட்டப்படி எடுபடாது.

படிவம் கேட்காத கேள்வி

ஏழு படிகளிலும் கழிவின் பெயர், எடை, தன்மை, வண்டி எண், கையொப்பங்கள் என அனைத்துக்கும் இடமுண்டு. அதை அள்ளி ஏற்றியவர், உடைத்துப் பிரித்தவர், கசிந்ததைத் துடைத்தவர் ஆகியோருக்கு அதில் ஓர் வரியும் இல்லை. ஆண்டறிக்கையும் டன் கணக்கையே கேட்கிறது. தொழிலாளரின் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று கேட்பதில்லை.

விதிகள் தொழிலாளரை முற்றிலும் மறந்துவிட்டன என்று சொல்ல முடியாது. பணியிடத்தில் உள்ளோருக்குப் பயிற்சியும் கருவிகளும் பாதுகாப்புக்குத் தேவையான தகவலும் அளிப்பது கழிவை உண்டாக்குபவரின் கடமை என்று 2016 விதிகள் கூறுகின்றன. மறுசுழற்சித் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்வது, அவர்கள் குழுக்களாக அமைய உதவுவது, திறன் பயிற்சி தருவது, ஆண்டுதோறும் அவர்களின் பாதுகாப்பையும் உடல்நலத்தையும் கண்காணிப்பது ஆகியவை மாநிலத் தொழிலாளர் துறையின் பொறுப்பு என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. கழிவுக்கு நிறம் நிறமாகப் படி உண்டு. இக்கடமைகளுக்கு அத்தகைய படி இல்லை. எழுதி அனுப்ப வேண்டாத கடமை எளிதில் மறக்கப்படுகிறது.

தொழிலாளர் சட்டத்தின் கதையும் இதுவே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் காரீய நச்சேற்றத்தையே முதலாவதாக வைத்தது. ஆனால் சில ஆட்களை மட்டும் வைத்து நடக்கும் கொட்டகை 'தொழிற்சாலை' என்ற வரையறைக்குள் வருவதில்லை. நோய் எங்கே மிகுதியோ, அங்கே சட்டத்தின் கை எட்டவில்லை.

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் 'அபாயகரமான துப்புரவு' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. அது கழிவுநீர்க் குழாய், மலக்குழி ஆகியவற்றில் பாதுகாப்புக் கருவியின்றி இறக்கப்படுவதையே குறிக்கிறது. குப்பையிலிருந்து மின்கலம், குழல்விளக்கு, உடைந்த கண்ணாடி, இரசாயனப் புட்டி ஆகியவற்றைக் கையால் பிரிப்பவர் அதற்குள் வரமாட்டார். கழிவுநீர், மலக்குழித் தொழிலாளர்களைப் பற்றி ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்தில் 2024 வரை திரட்டப்பட்ட விவரம், அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டியல் சாதியினர் என்று காட்டியது. 2024இல் அத்திட்டம் குப்பை பொறுக்குவோரையும் சேர்த்துக்கொண்டது. குழியில் இறங்குபவரின் சாதியை எண்ணத் தொடங்கிய அரசு, அபாயக் கழிவைத் தொடுபவரின் சாதியை எண்ணாமல் இருப்பதற்கு நியாயம் ஏதுமில்லை.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் சான்று. 1982இல் வடக்குக் கரோலினாவின் வாரன் மாவட்டத்தில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் பகுதியில் நச்சு மண்ணைப் புதைக்க அரசு முனைந்தபோது மக்கள் சாலையில் படுத்து மறித்தனர்; 500க்கும் மேற்பட்டோர் கைதாயினர். அந்நிலநிரப்பை அவர்களால் தடுக்க இயலவில்லை. ஆயினும், 1987இல் ஒரு தேவாலய அமைப்பின் இனநீதி ஆணையம் நாடு முழுவதும் நச்சுக் கழிவு மையங்கள் அமைந்த இடங்களைக் கணக்கெடுத்தது. வருமானத்தைவிட இனமே அவ்விடங்களைத் தீர்மானிக்கும் வலுவான காரணி என்று அது நிறுவியது. அதுவரை 'தற்செயல்' என்று சொல்லப்பட்டதை அதன்பின் அப்படிச் சொல்ல முடியவில்லை.

இந்தியாவில் சேரி ஊருக்கு வெளியே அமைக்கப்பட்டது. சுடுகாடும் குப்பைமேடும் அதன் அருகே அமைந்தன. தொழிலை மட்டுமல்லாமல் தொழில் செய்யும் மனிதரையே சாதி படிநிலையில் அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். செத்த மாட்டை அப்புறப்படுத்தும் கடமையைச் சுமத்திய அதே ஒழுங்கு, செத்த பேட்டரி வந்தபோதும் புதிய ஆளைத் தேடவில்லை.

கேட்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

முதலாவது, தகவல். ஒரு பகுதியில் உருக்காலையோ கழிவுக் கிடங்கோ இயங்கினால், அதற்குரிய ஒப்புதல் ஆணை, ஆண்டறிக்கை, மேனிஃபெஸ்ட் படிகள், ஆய்வு அறிக்கைகள் ஆகியவற்றின் நகலை 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். தொழிலாளர் துறையிடம் தனியே ஒரு மனு அளித்து, மறுசுழற்சித் தொழிலாளர்கள் எத்தனை பேர் பதிவு செய்யப்பட்டனர், எத்தனை பேருக்கு ஆண்டுப் பரிசோதனை நடந்தது என்று கேட்க வேண்டும். 'தகவல் இல்லை' என்ற பதிலும் பயனற்றதன்று. கடமை தவறியதற்கு அதுவே எழுத்துச் சான்று.

இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பட்டியல் சாதி அல்லது பழங்குடி அல்லாத ஒருவர், அச்சமூகத்தாரின் இடத்திலோ வாயிலிலோ மலம், கழிவுநீர், விலங்கின் உடல் அல்லது அருவருப்பூட்டும் வேறு பொருளைக் கொட்டுவது பிரிவு 3(1)(b)இன்படி குற்றம். தீங்கோ இழிவோ தொல்லையோ செய்யும் நோக்கில் அவர்கள் வாழும் சுற்றுப்புறத்தில் கழிவைக் கொட்டுவது பிரிவு 3(1)(c)இன்படி குற்றம். இரண்டாவதில் நோக்கத்தை நிறுவியாக வேண்டும். எனவே, கொட்டப்பட்ட நாள், நேரம், வண்டி எண், ஒளிப்படம், முன்னர் அளித்த எதிர்ப்பு மனுக்கள் ஆகியவற்றைத் தொடர்ந்து ஆவணப்படுத்த வேண்டும். எச்சரித்த பின்னும் தொடர்ந்து கொட்டுவது நோக்கத்துக்கு வலுவான சான்றாகும். சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தையும் நாடலாம். ஒரு வழி மற்றொன்றை அடைப்பதில்லை.

மூன்றாவது, உடல்நலம். உருக்கும் கொட்டகைகளுக்கு அருகில் வாழும் குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் இரத்தக் காரீயப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யக் கோர வேண்டும். கொட்டகையை மூடச் சொல்வதோடு கோரிக்கை முடிந்துவிடக் கூடாது. மூடப்பட்ட இடத்தின் மண்ணிலும் நஞ்சு உண்டு என்பதற்குத் தாக்கர் சாட்சி. மண்ணை அகற்றிச் சீராக்கும் செலவு மாசுபடுத்தியவருடையது. கொட்டகையில் உழைத்தவருக்கு மாற்று வேலையும் இழப்பீடும் வேண்டும். அவ்வாறின்றி மூடினால், அடுத்த ஊரில் அதே கைகள் அதே வேலையைச் செய்யும்.

நான்காவது, கல்லூரி. மாணவர்கள் தங்கள் ஆய்வகத்திலிருந்தே தொடங்கலாம். பழைய கலோமல் மின்முனைகள், இன்வெர்ட்டர் கலங்கள், காலாவதியான வேதிப்பொருட்கள் எங்கே வைக்கப்பட்டுள்ளன? அவற்றின் மேல் பெயர் எழுதப்பட்டுள்ளதா? கடைசியாக அவற்றை யாரிடம், எந்த ஆவணத்துடன் ஒப்படைத்தார்கள்? குழாயில் ஊற்றப்படும் கரைசல் எங்கே செல்கிறது? அறையைத் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கையுறையும், கலனில் இருப்பது என்ன என்ற தகவலும் தரப்பட்டுள்ளனவா? அதைத் துடைக்கும் ஒப்பந்தத்தில் பாதுகாப்பு என்ற சொல் இருக்கிறதா? சுற்றுச்சூழல் மன்றங்களும் அம்பேத்கர் வாசகர் வட்டங்களும் சேர்ந்து எழுப்ப வேண்டிய கேள்விகள் இவை.

ஐந்தாவது, சட்டத் திருத்தம். ஆண்டறிக்கையில் தொழிலாளர் எண்ணிக்கை, ஒப்பந்த நிலை, சமூகப் பிரிவு, மருத்துவப் பரிசோதனை முடிவுகளின் தொகுப்பு ஆகியவை கட்டாயமாக்கப்பட வேண்டும். தனிநபரின் பெயர் வெளியாகாமலேயே இதைச் செய்யலாம். கழிவு மையத்துக்கு இடம் தெரிவு செய்யும்போது சுற்றியுள்ள குடியிருப்புகளின் சமூக விவரம் மதிப்பீட்டின் பகுதியாக வேண்டும். உற்பத்தியாளர் செலுத்தும் பொறுப்புத் தொகையில் ஒரு பங்கு, இதுவரை இத்தொழிலில் உடலைத் தேய்த்தவர்களின் சிகிச்சைக்கும், அவர்களே கூட்டுறவாகப் பாதுகாப்பான சேகரிப்பு மையங்களை நடத்துவதற்கும் செல்ல வேண்டும். கழிவிலிருந்து மீளும் காரீயத்துக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. ஆபத்து ஒரு பிரிவினருக்கும் இலாபம் மற்றொரு பிரிவினருக்கும் என்ற பங்கீட்டை மாற்றாமல் நவீன இயந்திரங்களை மட்டும் கொண்டுவந்தால், பழைய தொழிலாளி வேலையையும் இழந்து நோயோடு வீட்டில் இருப்பார்.

அனுப்பிய கழிவு சேர வேண்டிய இடம் சேர்ந்ததா என்று அறிய, அனுப்பியவருக்கு ஒரு நீலப் படியைத் திருப்பி அனுப்பச் சட்டம் சொல்கிறது. கழிவைத் தொட்டு வேலை செய்தவர் மாலையில் நஞ்சின்றி வீடு சேர்ந்தாரா என்று கேட்கும் ஒரு படியையும் அதனுடன் சேர்க்கக் கோருவது பெரிய கேள்வியன்று. அதைக் கேட்டுப் பெறும் வரை, பாதுகாப்பான அகற்றல் என்ற சொல் கழிவை மட்டுமே குறிக்கும்.